நிலாவெளிக் கரையில் கிட் லென்ஸோடு பால்வீதி: படம் ஏன் கலங்குது?

#1 பவளப்பாறை

வணக்கம் எல்லாருக்கும். என்ர பால்வீதிப் படத்தில நாலு கோளாறு இருக்கு. விபரத்தை அப்படியே தாறன், எது எதால வந்தது எண்டு பிரிச்சுச் சொல்லுங்கோ.

கமரா கனன் 1500டி. லென்ஸ் அதோட வந்த 18-55, ஐஎஸ் 2. ஆடி அமாவாசை இரவு 9.30, நிலாவெளிக் கரை, தெற்குப் பார்த்து. 18 மிமீ, எஃப் 3.5, ஐஎஸ்ஓ 6400, 30 செக்கன், ஜேபெக்.

நட்சத்திரம் புள்ளியா இல்லை, சின்னக் கோடா இருக்கு. படத்தின்ர அடியில செம்மஞ்சள் வெளிச்சம் பாதி உயரத்துக்கு ஏறிக் கிடக்கு. முதல் பத்துப் படம் பரவாயில்லை, பிறகு நடுப்பகுதி பால் ஊத்தினது போல வெளுத்துப் போச்சு. கறுப்பான இடமெல்லாம் சிவப்பு, நீலப் பொட்டு.

எஃப் 2.8 அகல லென்ஸ் வாங்கினால் இதெல்லாம் தீருமா?

#2 கேட்டை

லென்ஸ் வாங்கும் காசைக் கொஞ்ச நாள் பொத்தி வைத்திருங்கள். நீங்கள் சொன்ன நாலில் ஒன்றைக்கூட புது லென்ஸ் தீர்க்காது. எஃப் 2.8 வெளிச்சத்தைக் கூட்டும், அவ்வளவுதான். செம்மஞ்சள் வெளிச்சமும் சேர்ந்தே கூடும்.

முதலில் கோடு. வானம் செக்கனுக்கு 15 வில்செக்கன் நகர்கிறது (ஒரு வில்செக்கன் என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு). உங்கள் கமராவின் ஒரு பிக்சல் ஏறக்குறைய 3.7 மைக்ரோன். 18 மிமீ லென்ஸில் அது வானத்தில் 42.6 வில்செக்கன். பால்வீதியின் மையம் வான நடுக்கோட்டிலிருந்து 29 பாகை தெற்கே இருப்பதால் அங்கே வேகம் கொஞ்சம் குறைவு, செக்கனுக்கு 13 வில்செக்கன். 30 செக்கன் திறந்து வைத்தால் நட்சத்திரம் 9 பிக்சல் தூரம் நடந்துவிடும். அது கோடுதான்.

கோடு விழாமல் எத்தனை செக்கன் திறக்கலாம் என்பதற்குப் பலர் சொல்லும் 500 விதிப்படி 500-ஐ 18 × 1.6 ஆல் (1.6 உங்கள் கமராவின் சிறிய சென்சருக்கான பெருக்கம்) வகுத்தால் 17 செக்கன் வரும். அந்த விதி பிலிம் காலத்துக் கணக்கு, 24 மெகாபிக்சலுக்கு இளக்கமானது. என்பிஎஃப் என்ற கணக்கைப் பாவியுங்கள்: துவார எண்ணை (எஃப் எண்) 35 ஆலும், பிக்சல் அளவை மைக்ரோனில் எடுத்து 30 ஆலும் பெருக்கி, இரண்டையும் கூட்டி, குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 122.5 + 111.5 = 234. அதை 18 ஆல் வகுத்தால் 13 செக்கன். மையப் பகுதிக்கு 15 வரை போகலாம். திருவாதிரை, மிருகசீரிடம் இருக்கும் பக்கம் வான நடுக்கோட்டுக்குக் கிட்ட என்பதால் அங்கே 13-ஐத் தாண்ட வேண்டாம்.

ஐஎஸ்ஓ 6400-ம் வேண்டாம். 1600 அல்லது 3200 போதும். 6400-ல் பிரகாசமான நட்சத்திரங்கள் வெள்ளையாக வெந்து, கேட்டை நட்சத்திரத்தின் செம்மை போய்விடும். கோப்பு கட்டாயம் ரோ, அதாவது கமரா திருத்தாத மூலக் கோப்பு. இரைச்சலை (படத்தின் பொடிப் புள்ளிகளை) துடைக்கிறேன் என்று ஜேபெக் மங்கல் நட்சத்திரங்களையும் சேர்த்துத் துடைக்கும்.

#3 மூதூர்க்கரை

செம்மஞ்சள் வெளிச்சம் கமராக் கோளாறே இல்ல. நிலாவெளியில நிண்டு தெற்க பார்த்தா நேரா திருகோணமலை டவுன். ஆடியில 9.30க்கு பால்வீதி மையம் தெற்கே 52 பாகை உயரத்துல நிக்கும், அதுக்கு நேர் அடியில டவுன் வெளிச்சம். நீங்க எடுத்தது ரெண்டையும் சேர்த்துத்தான்.

தெற்கு வானம் வேணும்னா டவுனுக்குத் தெற்கே வாங்க. மூதூர்ல இருந்து பார்த்தா கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், வடக்கே டவுன். தெற்கு சுத்தம். இன்னும் கீழ ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் போனா இன்னும் இருட்டு. ஆனா காட்டோர வீதியில யானை நடமாட்டம் இருக்கு. பொழுது பட முன்னமே போய்ச் சேருங்க, நடு ராத்திரியில திரும்பாதீங்க, தனியாவும் போகாதீங்க.

#4 பவளப்பாறை

இருக்கிறது உப்புவெளியில. ஒவ்வொரு முறையும் மூதூர் வர ஏலாது. நிலாவெளியில வழியே இல்லையோ?

#5 கேட்டை

இருக்கிறது. நிலாவெளிக்கு ஆடி மாத முன்னிரவு பொருந்தாது, அவ்வளவுதான். பங்குனி, சித்திரை, வைகாசி பொருந்தும்.

திருகோணமலை வடக்கு அகலாங்கு 8.6 பாகை. இங்கே பால்வீதி மையம் உதிப்பது திசைகாட்டியில் 119 பாகையில், அதாவது கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே, திறந்த கடலுக்கு மேல். மார்ச் 20 அளவில் நள்ளிரவில் உதிக்கும். ஏப்ரல் 20-ல் இரவு 10 மணிக்கு. மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முந்தும். உதித்து ஒன்றரை மணி நேரத்தில் 20 பாகை உயரும், அப்போதும் திசை 125 பாகைதான். நிலாவெளியிலிருந்து டவுன் 160 பாகைப் பக்கம். 18 மிமீ லென்ஸைக் கிடையாக வைத்தால் 64 பாகை அகலம் அடங்கும். படத்தின் நடுவை 115 பாகைக்குத் திருப்பினால் வலது ஓரம் 147-ல் முடியும். டவுன் வெளியே.

பால்வீதி அப்போது கடலுக்கு மேல் சாய்ந்து கிடக்கும். நிமிர்ந்து நிற்கும் ஆடி மாதப் படத்தைவிட எனக்கு இதுதான் அழகு. கடலில் வெளிச்சம் போட்டு நிற்கும் வள்ளம் படத்துக்குள் வந்தால் கொஞ்சம் காத்திருங்கள், அல்லது பத்து பாகை இடமாகத் திரும்புங்கள்.

திசை பார்க்க ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலி போதும். கண்ணால் பிடிக்க வேண்டுமென்றால் தேளைத் தேடுங்கள். கேட்டை செம்மையாக மேலே, அதற்குக் கீழே கொடுக்காக வளைந்து மூலம். மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடையில்தான் மையம்.

நாள் தெரிய பஞ்சாங்கமே கைக்குதவும். அமாவாசை ஒரு நாள் மட்டும் இல்லை. சித்திரையில் பின்னிரவில் எடுப்பதால் வளர்பிறைச் சப்தமி வரைக்கும் சந்திரன் நள்ளிரவோடு சாய்ந்துவிடும், அதற்குப் பிறகு இருட்டு. ஆடி முன்னிரவுக்கு இது மாறும்: தேய்பிறைச் சப்தமிக்குப் பிறகு சந்திரன் நள்ளிரவு தாண்டித்தான் வரும், அதுவரை இருட்டு.

#6 மூதூர்க்கரை

கேட்டை சொன்னதோட ஒண்டு. சித்திரையில பின்னேர இடிமழை பெய்ஞ்சு ஓய்ஞ்ச இரவுதான் வானம் கழுவின மாதிரி இருக்கும். ஆனா மேகம் திரும்பி வரும், செய்மதிப் படம் பார்த்துட்டுப் போங்க. வாடைக் காலம், ஐப்பசியில இருந்து தை வரைக்கும், நம்பித் திட்டம் போட ஏலாது. மார்கழி எரிகல் மழை அதுலதான் அடிபட்டுப் போகுது.

இடத்தைப் பத்தியும் ஒண்டு. கோணேசர் கோயில் மலை இரவு வானத்துக்கு நல்ல முன்காட்சிதான், ஆனா பிரெட்ரிக் கோட்டைக்குள்ள இராணுவ முகாம். இரவுல அங்க முக்காலி விரிக்க நினைக்காதீங்க. கடற்படைப் பக்கமும் கமராவைத் திருப்பாதீங்க. கரையில நிக்கிறப்போ பக்கத்து வாடியில இருக்கிற மீனவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நிண்டா எல்லாருக்கும் நிம்மதி.

#7 கச்சான்காற்று

மூன்றாவது கோளாறை ஒருத்தரும் தொடவில்லை. பத்துப் படத்துக்குப் பிறகு நடுப்பகுதி வெளுத்தது பனி. லென்ஸ் கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கிறது. ரோச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் கண்ணாடியின் நடுவில் ஊதின மூச்சுப் போல ஒரு வட்டம் தெரியும், ஓரம் தெளிவாக இருக்கும்.

நம்முடைய கரையில் இரவு 27 பாகை வெப்பமும் 85 வீத ஈரப்பதனும் என்று வையுங்கள். அந்தக் காற்றுக்குப் பனி படியும் வெப்பநிலை 24 பாகைக்குச் சற்று மேல். லென்ஸ் மூன்று பாகை குளிர்ந்தாலே போதும், நனைந்துவிடும். திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்துக்கே விட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிரும்.

இன்னொரு வழியிலும் இது வரும். ஏசி அறையில் 22 பாகையில் கிடந்த கமராவைக் கரைக்குக் கொண்டுவந்து திறந்தால் அந்தக் கணமே நனையும், உள் கண்ணாடியும் சேர்த்து. முன்னுக்குத் துடைத்தும் போகாவிட்டால் அது உள்ளே படிந்தது. புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஏசி இல்லாத இடத்தில் பையை மூடியபடி வையுங்கள். மூடியபடி, கவனம்.

படியாமல் தடுக்க யூஎஸ்பியில் ஓடும் லென்ஸ் சூடாக்கிப் பட்டி இருக்கிறது, 5 வோல்ட். 5 வாட் இழுக்கும் பட்டி 10,000 மில்லிஅம்பியர் பவர் பேங்கில் ஐந்து மணி நேரமாவது ஓடும். குறைந்த சூடே போதும். கண்ணாடி காற்றைவிட ஒன்றிரண்டு பாகை கூட இருந்தால் பனி அண்டாது. அதிகம் சூடாக்கினால் கண்ணாடி முன் காற்று அலைந்து நட்சத்திரம் வீங்கும்.

இந்த லென்ஸில் ஒரு பொறி. 18-55 ஐஎஸ் 2-ல் ஃபோகஸ் வளையம் என்பது லென்ஸின் முன் விளிம்பேதான், இளக்கமாகச் சுழலும். ஃபோகஸ் செய்துவிட்டுப் பட்டியைச் சுற்றினால் ஃபோகஸ் போய்விடும். முதலில் பட்டி, பிறகு ஃபோகஸ், பிறகு வளையம் அசையாமல் ரேப். ரேப் என்றால் பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டும் காகித ரேப். கறுப்பு மின்சார ரேப் இந்த வெக்கையில் பசையைக் கக்கி வளையத்தை நாசமாக்கும்.

#8 பவளப்பாறை

வட்டம் எண்டு சொன்னது சரியா அப்படியேதான். ஏசி அறையில இருந்துதான் எடுத்துக்கொண்டு போனது. ஃபோகஸ் எப்படிச் செய்யிறது? இந்த லென்ஸில தூர அளவுக் குறியே இல்லை.

#9 கேட்டை

குறி இருந்தாலும் நம்பக்கூடாது. வெப்பநிலைக்கு ஏற்ப முடிவிலியின் இடம் மாறும். இப்படிச் செய்யுங்கள்.

லென்ஸில் ஏஎஃப் விசையை எம்எஃப்-க்குத் தள்ளுங்கள். ஸ்டெபிலைசரை அணையுங்கள், முக்காலியில் அது இல்லாத நடுக்கத்தைத் தேடி அலையும். ஜூம் 18-ல் நிற்கட்டும், ஃபோகஸுக்குப் பிறகு ஜூமைத் தொட்டால் எல்லாம் முதலிலிருந்து. எம் நிலை, எஃப் 3.5, ஐஎஸ்ஓ 6400, 30 செக்கன் என்று வைத்து லைவ் வியூவைத் திறவுங்கள். இந்த உச்ச அளவு நட்சத்திரத்தைத் திரையில் காண மட்டும்.

பிரகாசமான ஒன்றைப் பிடியுங்கள். சித்திரையில் சுவாதி, ஆடியில் கேட்டை, மாசியில் அகத்தியர். வியாழன் இருந்தால் இன்னும் நல்லது. சரியாக நடுவில் வைக்காமல், நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள். இந்த லென்ஸில் நடுவும் ஓரமும் ஒரே தளத்தில் குவியாது, அந்த இடம் இரண்டுக்கும் பொதுவான சமரசம். 10 மடங்கு பெரிதாக்குங்கள். மங்கலான பெரிய வட்டம் தெரியும். வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வட்டம் சுருங்கும், பக்கத்தில் அதுவரை தெரியாத சிறு நட்சத்திரங்கள் எழும்பும். சிறுத்த பிறகும் நிறுத்தாமல் தாண்டிப் போங்கள், திரும்ப வீங்கும். அந்த இரண்டுக்கும் நடுவே, விளிம்பில் ஊதாவும் பச்சையும் இல்லாத இடம்தான் ஃபோகஸ். ரேப் ஒட்டுங்கள், ஒட்டிய பின் திரையை மீண்டும் பாருங்கள்.

நட்சத்திரமே தெரியாவிட்டால் அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள எந்த விளக்கும் போதும். 18 மிமீ லென்ஸுக்கு அதுவும் முடிவிலிதான். முன்காட்சியில் வள்ளம் வைப்பதாக இருந்தால் ஐந்து மீற்றருக்குக் கிட்ட வேண்டாம், மங்கும்.

திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். இருட்டில் எந்தப் படமும் திரையில் பிரகாசமாகத் தெரியும், வீட்டில் திறந்தால் கறுப்பாக இருக்கும். ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தை நம்புங்கள்: மேடு இடப்பக்கத்திலிருந்து கால் முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிற்க வேண்டும். இடது சுவரில் ஒட்டி நின்றால் வெளிச்சம் பற்றாது.

#10 வயல்வெளி

நாலாவது கோளாறு என் பங்கு. சிவப்பு, நீலப் பொட்டுகள் சென்சரின் சூட்டுப் பொட்டுகள். சென்சரில் சூட்டால் கசியும் மின்னோட்டம் ஏறக்குறைய 6 பாகைக்கு ஒருமுறை இரட்டிக்கும். குளிர்நாட்டில் 3 பாகையில் நின்று எடுக்கிறவர்களின் அளவை நம் 27 பாகைக்கு எடுத்து வைத்தால் பதினாறு மடங்கு கசிவு. வெளிநாட்டு வழிகாட்டிகள் 'டார்க் படம் தேவையில்லை' என்று சொன்னால் நமக்கு அது பொருந்தாது.

டார்க் படம் என்றால் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே செக்கனில் எடுக்கும் கறுப்புப் படம். வானத்தை முடித்த கையோடு, அதே இடத்தில், கமரா அதே சூட்டில் இருக்கும்போது 10 முதல் 15 எடுங்கள். பின்னால் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தையும் மூடுங்கள். ரோச் வெளிச்சம் அதன் வழியே உள்ளே போகும்.

கமராவிலேயே இருக்கும் நீண்ட நேர இரைச்சல் குறைப்பு இதே வேலையை ஒவ்வொரு படத்துக்கும் செய்யும். 15 செக்கன் எடுத்தால் இன்னொரு 15 செக்கன் காத்திருக்க வேண்டும். இரவில் பாதி வீண். அதை அணையுங்கள்.

வானத்தை ஒரே படத்தில் பிடிக்க முயல வேண்டாம். 15 செக்கனில் 24 படம், முக்காலியை அசைக்காமல். அவற்றை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் 24-ன் வர்க்கமூலத்தால் குறையும், ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. புது லென்ஸ் இதைத் தராது. கம்பி றிமோட் 1500டி-யில் 2.5 மிமீ ஊசித் துளையில் பொருந்தும். மலிவான சில இடைவெளி றிமோட்டுகளில் இடைவெளி என்பது ஒரு படத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை, ஆகவே 2 என்று வைத்தால் ஓடாது, 17 வைக்க வேண்டும். றிமோட் இல்லாவிட்டால் 2 செக்கன் டைமர், ஒவ்வொன்றாக.

விண்டோஸில் படங்களை அடுக்கும் செக்குவேட்டர் மென்பொருள் இலவசம். வானப் படங்கள், டார்க் படங்கள் என்று தனித்தனியே ஏற்றி, தரை அசையாதபடி வைக்கும் தெரிவை எடுத்து, வானப் பகுதியைத் தூரிகையால் பூசுங்கள். தென்னோலை வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் ஓலையைப் பூசாமல் விடுங்கள், இல்லாவிட்டால் ஓலைக்கு நிழல் முளைக்கும். நட்சத்திரத்தைத் தூக்கிக் காட்டும் தெரிவை அணைத்து வையுங்கள், ஒவ்வொன்றும் பஞ்சுப் பொதியாகும். விளைவை டிஃப் கோப்பாக எடுத்து, வெண்சமநிலையை 3800 முதல் 4000 கெல்வினுக்குள் வையுங்கள். வானூர்தி, செய்மதிக் கோடுகள் கரைய வேண்டும் என்றால் சிரில் அல்லது டீப்ஸ்கைஸ்டாக்கரில் மற்றப் படங்களோடு ஒத்துப்போகாத புள்ளிகளை ஒதுக்கும் கப்பா-சிக்மா முறை. இவையும் இலவசம்.

#11 கச்சான்காற்று

மணலில் முக்காலி. கால்களை ஈர மணலில் வைத்தால் அலை வர வர இறங்கும், 24 படமும் ஒவ்வொரு பக்கம் சாயும். வறண்ட மணலில் கால்களை விரித்து ஊன்றி அழுத்துங்கள், அல்லது ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு பலகைத் துண்டு. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கச்சான் வீசும் மாதங்களில் பையைத் தண்டில் தொங்கவிடச் சொல்வார்கள். தொங்கும் பை காற்றில் ஊஞ்சலாடி முக்காலியையும் ஆட்டும். பையின் அடி மணலைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அப்போது உப்புத் தூறல் குறைவு. காற்று கடலிலிருந்து வரும் நாளில் கண்ணாடியில் உப்பு படியும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பரல் பூச்சைக் கீறும். முதலில் ரப்பர் ஊதி, பிறகு துப்புரவுத் திரவம் தொட்ட மைக்ரோபைபர்.

வீட்டில் வைக்கும்போது காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரப்பதமானி. 40 முதல் 50 வீதம். அரிசி போட்டு வைப்பது தூசைத்தான் தரும். நம் ஊரில் லென்ஸைக் கொல்வது உப்பைவிடப் பூஞ்சணம்.

#12 மூதூர்க்கரை

யூவி பில்டரைப் பத்தி: வள்ள வெளிச்சம் படத்துக்குள்ள இருந்தா கழட்டிடுங்க. பில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவுல பட்டு எதிர்ப் பக்கத்துல பச்சைப் பொட்டா விழும்.

வட்டமாச் சுத்துற நட்சத்திரக் கோடு எடுக்க ஆசைப்பட்டா நம்ம ஊர்ல துருவ நட்சத்திரம் 8.6 பாகைதான், கையை நீட்டிப் பிடிச்ச ஒரு முட்டியை விடக் கொஞ்சம் குறைய. பெரிய வட்டமெல்லாம் முழுசா வராது, அரை வட்டம்தான். அதுக்குப் பதிலா நேர் கிழக்க கடலைப் பாருங்க. கோடெல்லாம் தண்ணியில இருந்து ஏறக்குறைய செங்குத்தா எழும்பும். குளிர்நாட்டுக்காரருக்குக் கிடைக்காத படம் அது. எஃப் 4, ஐஎஸ்ஓ 800, 30 செக்கன், தொடர் நிலையில றிமோட்டைப் பூட்டி 120 படம். ஒரு மணி நேரம், 15 பாகை நீளக் கோடு. ஸ்டார்ஸ்டாக்ஸ்ல அடுக்குங்க. பற்றரி ரெண்டு வேணும்.

#13 பவளப்பாறை

நேற்று இரவு சொன்னபடி எல்லாம் செய்தாச்சு: பட்டி, பிறகு ஃபோகஸ், பிறகு ரேப், 15 செக்கன், ஐஎஸ்ஓ 3200, ரோ, 24 வானம், 12 டார்க். பனி இல்லை, பொட்டு இல்லை, நடுவில நட்சத்திரம் ஊசி முனை. மூலத்துக்குப் பக்கத்தில இருட்டு மேகம் கிளை பிரியிறதும் தெரியுது.

ஒண்டு மட்டும் மிச்சம். மூலையில இருக்கிற நட்சத்திரம் பறவை சிறகு விரிச்ச மாதிரி இருக்கு. இது ஃபோகஸ் பிழையோ?

#14 கேட்டை

நாலு மூலையிலும் சிறகு ஒரே அளவா, நடுவைப் பார்த்தபடி விரிகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது கோமா, லென்ஸின் இயல்பு, ஃபோகஸால் போகாது. எஃப் 4-க்கு மூடுங்கள். வெளிச்சம் கால் பங்கு குறையும், ஐஎஸ்ஓவைக் கூட்டாமல் 24 படத்துக்குப் பதில் 32 எடுத்தால் ஈடாகும். எஃப் 5-ல் இன்னும் சிறுக்கும், ஆனால் அதற்கு 50 படம் வேண்டிவரும். 4-ல் நில்லுங்கள், மிச்சத்தை ஓரத்தில் வெட்டிவிடலாம்.

ஒரு மூலை மட்டும் நீண்டிருந்தால் கதை வேறு. ஒரே நட்சத்திரத்தை நாலு மூலைக்கும் மாற்றி மாற்றி வைத்து ஒவ்வொரு படம் எடுங்கள். எப்போதும் அதே மூலைதான் கெடுகிறது என்றால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. அந்த மூலையைத் தரைப் பக்கம் வரும்படி கமராவை வையுங்கள், மணலில் கோமா தெரியாது.